டிஜிட்டல் கிட்டார் ஆம்புக்கு ஸ்பீக்கர் கேபினெட்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் வாசிப்பதற்காக டிஜிட்டல் கிட்டார் ஆம்ப் வாங்கியவர்கள், அதற்கேற்ற கேபினெட்டை, அதாவது ஸ்பீக்கர் பொருத்திய பெட்டியைத் தேடும்போது பெரும்பாலும் வாட் எண்ணையும் ஸ்பீக்கரின் அளவையும் விலையையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்பு தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கேபினெட்டுக்கே உரிய ஒலிக்குணம் கருவிக்குள் இருக்கும் மென்பொருளில் உருவாகப் போகிறதா, வெளியே நிற்கும் மரப்பெட்டியில் உருவாகப் போகிறதா என்பதே அது. அது ஒரே ஓர் இடத்தில் மட்டுமே உருவாக வேண்டும்.

கிட்டார் ஸ்பீக்கர் பாட்டுக் கேட்பதற்கான ஒலிபெருக்கி அன்று. செலஸ்டியன் விண்டேஜ் 30 போன்ற 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே நன்றாக ஒலிக்கும். அதற்கு மேல் அதன் ஒலி வேகமாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷனில், அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைத்து வாசிக்கும்போது, எழும் கூர்மையான கரகரப்பை மட்டுப்படுத்திக் கேட்கத்தக்கதாக ஆக்குவது இந்தச் சரிவுதான். ஹீலிக்ஸ், கெம்பர், குவாட் கார்டெக்ஸ் முதலிய டிஜிட்டல் ஆம்ப் கருவிகள் இதே வேலையை 'கேப் சிம்' அல்லது 'ஐஆர்' எனப்படும் மாதிரிகளின் வழியே கணக்கிட்டுச் செய்கின்றன. அந்த மாதிரியை அணைக்காமல் கிட்டார் கேபினெட்டில் வாசித்தால், ஒரே வடிகட்டல் இருமுறை நிகழ்ந்து ஒலி மங்கிப் போகும். அதை அணைத்துவிட்டு, 'எஃப்ஆர்எஃப்ஆர்' என்று அழைக்கப்படும் முழு அலைவரிசை ஸ்பீக்கரில் வாசித்தால், குளவிக் கூட்டைக் கலைத்தது போன்ற இரைச்சல்தான் வரும். புதிதாக வாங்கிய கேபினெட் மட்டமானது என்று விற்றுவிடுகிறவர்கள், முதலில் இந்த ஓர் அமைப்பைச் சரிபார்ப்பது நல்லது. கெம்பரில் ஸ்பீக்கருக்குப் போகும் மானிட்டர் வெளியீட்டில் மட்டும் கேபினெட் மாதிரியை அணைக்கும் வசதி இருப்பதால், ஹெட்போனிலும் பதிவிலும் அது அப்படியே நீடிக்கும்.

கிட்டார் கேபினெட், முழு அலைவரிசை ஸ்பீக்கர் ஆகிய இரண்டில் எதை வாங்குவது என்பது வாசிப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தது. ஒன்றிரண்டு ஆம்ப் ஒலிகளோடு நிறைவடைபவருக்கு 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட கிட்டார் கேபினெட்டே போதும். ஆனால் ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் என எந்த ஆம்பின் மாதிரியைத் தேர்ந்தாலும் எல்லாம் அந்த ஒரே ஸ்பீக்கரின் குரலிலேயே பேசும். நாளுக்கொரு ஒலியைத் தேடுபவருக்கு முழு அலைவரிசை ஸ்பீக்கர் ஏற்றது. ஆனால் அதில் கேட்பது மைக் வைத்துப் பதிவு செய்த ஆம்பின் ஒலியே அன்றி, அறைக்குள் நிற்கும் ஆம்பின் ஒலி அன்று. இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்கி ஏமாற்றமடைகிறவர்களே அதிகம் என்று தோன்றுகிறது. கெம்பர் கேபினெட்டும் லைன் 6 பவர்கேபும் இவற்றுக்கு நடுவில் நிற்பவை. ஒரே ஸ்பீக்கரைப் பல கிட்டார் ஸ்பீக்கர்களைப் போல ஒலிக்கச் செய்பவை. எனினும் கெம்பர் கேபினெட்டில் அந்த வித்தையைச் செய்வது பெட்டி அன்று, கெம்பர் கருவியே. வேறு ஆம்ப் வைத்திருப்பவர் அந்த வசதியை நம்பி இதை வாங்கக் கூடாது.

அடுத்த தவறு, தரையில் வைக்கும் மாடலரை (ஆம்ப் ஒலிகளை மென்பொருளில் உருவாக்கும் கருவியை) நேரடியாகச் சாதாரண கேபினெட்டில் செருக முயல்வது. ஹீலிக்ஸ் ஃப்ளோர் போன்றவற்றில் ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப் கிடையாது, கேபினெட்டிலும் கிடையாது. ஆகவே இடையில் ஒரு பவர் ஆம்ப் வாங்கும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பவர் ஆம்ப் உள்ள ஹெட்டின் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்பின்) ஸ்பீக்கர் வெளியீட்டை, தனக்குள்ளேயே பவர் ஆம்ப் கொண்டு மின்சாரத்தில் இயங்கும் ஸ்பீக்கரின் உள்ளீட்டில் செருகுவது அதைவிட ஆபத்தானது. உள்ளீட்டுச் சுற்று எரிந்துபோகக்கூடும். கேபினெட்டுக்குக் கிட்டார் கேபிளைப் பயன்படுத்தவும் கூடாது. இரண்டு கேபிள்களின் முனையும் ஒன்றுபோலவே இருந்தாலும், கிட்டார் கேபிளின் மெல்லிய கம்பி ஸ்பீக்கருக்குச் செல்லும் மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டதன்று.

ஸ்பீக்கரின் மின்தடையைக் குறிக்கும் ஓம் கணக்கில், வால்வு ஆம்புக்குச் சொல்லப்படும் அறிவுரையை டிஜிட்டல் ஆம்புக்கும் பொருத்திக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். வால்வு ஆம்பில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் ஆம்பின் ஓம் எண்ணும் கேபினெட்டின் ஓம் எண்ணும் பொருந்த வேண்டும். டிஜிட்டல் ஹெட்களில் பொதுவாக இருக்கும் டிரான்சிஸ்டர் பவர் ஆம்புக்குக் குறைந்தபட்ச எண்தான் முக்கியம். குறைந்தது 8 ஓம் என்று குறித்திருக்கும் ஆம்பில் 16 ஓம் கேபினெட்டைச் செருகினால் திறன் ஏறத்தாழப் பாதியாகும். ஒலியோ 3 டெசிபல்தான் குறையும். 4 ஓம் கேபினெட்டைச் செருகினால் மின்னோட்டம் கூடி, ஆம்ப் சூடேறும். இரண்டு 8 ஓம் கேபினெட்டுகளை இணையாகச் சேர்த்தாலும் மொத்தம் 4 ஓம்தான்.

வாட் எண்ணைப் பற்றிய மயக்கம் தனிக்கதை. கேபினெட்டில் எழுதியிருக்கும் வாட், அது தாங்கும் அளவைச் சொல்கிறதே தவிர எவ்வளவு சத்தமாக ஒலிக்கும் என்பதைச் சொல்வதில்லை. சத்தத்தை முடிவு செய்வதில் பெரும்பங்கு, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் என்ற எண்ணுக்கு உண்டு. விண்டேஜ் 30-க்கு அது 100 டெசிபல்; அதாவது ஒரே ஒரு வாட்டில் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான் என்பதால், வீட்டுக்கு 200 வாட் தேடுவதில் பொருளில்லை. ஆனால் 100 வாட் ஹெட்டோடு 25 வாட் தாங்கும் கிரீன்பேக் ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் இணைப்பவர், வால்யூமைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கவனமாக இருக்க வேண்டும்.

நான்கு ஸ்பீக்கர் கேபினெட்டை வீட்டுக்கு வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. இடத்தையும் எடையையும் விட முக்கியமான காரணம் அறைதான். பத்தடிக்குப் பத்தடி அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சுமார் 56 ஹெர்ட்ஸிலும் 113 ஹெர்ட்ஸிலும் நிலையலைகள் எழும்; அந்தச் சுரங்கள் மட்டும் வீங்கி ஒலிக்கும். இரண்டாவது, 110 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஏ கம்பிக்கு மிக அருகில் வருகிறது. நீளமும் அகலமும் சமமாக இருப்பதால் இந்த வீக்கம் இரட்டிக்கும். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் அதை அடக்க உதவுவதில்லை. இத்தகைய அறையில், பின்புறம் மூடிய பெட்டியை மூலையில் வைத்தால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பும். பின்புறம் பாதி திறந்த பெட்டி இங்கே பெரும்பாலும் ஒத்துவரும்.

தரையில் வைத்த ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேராக முன்னோக்கிச் சென்று முழங்காலில் படுகிறது. நின்று வாசிப்பவரின் காதுக்கு அது எட்டுவதில்லை. எனவே அவர் ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போவார். எதிரே அமர்ந்திருப்பவருக்கு அது சகிக்காது. பெட்டியை ஒரு முக்காலியின் மேல் ஏற்றியோ சற்றே சாய்த்தோ வைத்து, மூலையிலிருந்து இரண்டடி முன்னே இழுத்த பிறகே ஒலியை அமைக்கத் தொடங்க வேண்டும். அப்போதும் அடியொலி முட்டினால், கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், கருவியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதைத் தயங்காமல் வெட்டிவிடலாம்.