அட்டையை வைத்து பாரசீக வைரக்கட்டப் பட்டை நெய்வது

ஈரானின் ஃபார்ஸ் பகுதியில் காஷ்காய் மேய்ச்சல் மக்கள் கூடாரத்துக்கும் சுமை கட்டவும் தரைத்தறியில் நெய்யும் பட்டைகளில் வைரக்கட்டம் அடிக்கடி வரும். நூல் கோத்த அட்டைகளைத் திருப்பித் திருப்பி, தறி இல்லாமலே அந்த வடிவத்தை நெய்துவிடலாம்.

சதுரமாக வெட்டிய 16 அட்டை, ஒவ்வொன்றிலும் மூலைக்கு ஒரு துளை. சிவப்பு, அவுரி நீலம், பழுப்பு, சாயமேற்றாத வெள்ளை என நான்கு நிறப் பருத்தி நூல், அட்டைக்கு நிறத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் நீளம். முதல் அட்டையில் சிவப்பு முதல் துளையில் என்றால் அடுத்ததில் இரண்டாவது துளையில், இப்படியே எட்டு அட்டை வரை நிறங்களை நகர்த்திக்கொண்டே போங்கள். மீதி எட்டையும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிக் கோக்கவேண்டும், நூல் நுழையும் பக்கமும் மாறவேண்டும், இங்கே அவசரப்பட்டால் வடிவமே வராது.

அப்புறம் பாவு நூல்களை, அதாவது அட்டைகளில் கோத்து நீளவாட்டில் போகும் நூல்களை, இறுக்கிக் கட்டி, அட்டைகளை மொத்தமாகக் கால் சுற்று முன்னால் திருப்பி, குறுக்கே போகும் ஊடை நூலை நுழைத்து, மரத்துண்டால் அடியுங்கள். எட்டு முறை முன்னால், எட்டு முறை பின்னால். திசை மாறும் இடத்தில்தான் சாய்கோடுகள் மடங்கி வைரமாகும், அட்டைகளுக்குப் பின்னால் பாவு நூலில் சேர்ந்த முறுக்கும் அவிழும். ஊடையை ஒரே அளவாக இழுங்கள், பட்டையின் ஓரம் நேராக வருவது அதில்தான் இருக்கிறது.