‘ஆஃப்’ (off) என்ற ஆங்கிலச் சொல்லைப் பொருள் பிசகாமல் படிப்பது எப்படி

‘தி அலாரம் வென்ட் ஆஃப் அட் ஃபைவ்’ என்று படித்ததும், ஐந்து மணிக்கு அலாரம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அந்த அலாரம் ஐந்து மணிக்குத்தான் அடிக்கத் தொடங்கியது. லைட்டையும் ஃபேனையும் ‘ஆஃப் பண்ணி’ப் பழகியதால் ‘அணைதல்’ என்ற ஒரே பொருள் நம் மனத்தில் ஒட்டிக்கொண்டது. அதை முதலில் கழற்றி வைக்க வேண்டும்.

இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் விலகல். ஓரிடத்தையோ பிடியையோ பரப்பையோ விட்டு அகலுவது. விளக்கு அணைவது மின்சாரம் விலகுவதால். விலையில் ‘டென் பர்சென்ட் ஆஃப்’ என்றால் அவ்வளவு விலகிவிட்டது, அதாவது தள்ளுபடி. அலாரமும் வெடிகுண்டும் ‘கோ ஆஃப்’ ஆவது, அடக்கி வைத்த பிடியிலிருந்து அவை விடுபடுவதால். ஒற்றை எஃப் எழுதும் சொல்லும் (of) இரட்டை எஃப் எழுதும் சொல்லும் (off) பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். அழுத்திச் சொன்ன வடிவம் பின்னாளில் தனிச்சொல்லாகப் பிரிந்தது. எழுத்து வேறுபாடு நிலைத்தது 17-ஆம் நூற்றாண்டு வாக்கில். இன்று ஒலியும் வேறு. ஒற்றை எஃப் உள்ளதை வி ஒலியோடு முடிக்க வேண்டும், இரட்டை எஃப் உள்ளதை எஃப் ஒலியோடு. தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால்தான் ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எஃப் கூடியோ குறைந்தோ போகிறது.

பொருளைப் பிரிக்க ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப்புக்கு முன்னால் எந்த வினை நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அடுத்து, அந்த வினையைச் செய்வது யார் அல்லது எது என்று பாருங்கள். பிறகு ஆஃப்புக்குப் பின்னால் ‘ஆன்’, ‘வித்’ போன்ற சிறு சொல் ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, எழுதியவர் பிரிட்டனைச் சேர்ந்தவரா அமெரிக்கரா என்று பாருங்கள்.

இந்த வரிசை எவ்வளவு உதவும் என்பதற்கு ‘கோ ஆஃப்’ நல்ல சோதனை. அலாரம் என்றால் அடித்தது. துப்பாக்கி என்றால் வெடித்தது. விளக்கு என்றால் அணைந்தது. ஒரே சொற்றொடர் தொடங்குவதையும் நிற்பதையும் குறிப்பது இங்கேதான். பால் என்றால் கெட்டுப்போனது. கூட்டம் ‘வென்ட் ஆஃப் வெல்’ என்றால் நல்லபடியாக நடந்து முடிந்தது. ஆள் என்றால் கிளம்பிப் போனார். பிரிட்டனில் ‘ஐ வென்ட் ஆஃப் ஹிம்’ என்றால் அவன்மீது இருந்த விருப்பம் போய்விட்டது. ‘ஹி வென்ட் ஆஃப் ஆன் மி’ என்றால் என்மீது எரிந்து விழுந்தான். கடைசி இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தச் சின்ன ‘ஆன்’தான்.

‘டேக் ஆஃப்’ விமானத்துக்கு மேலெழுவது, சட்டைக்குக் கழற்றுவது, வியாபாரத்துக்குச் சூடு பிடிப்பது. பிரிட்டனில் ஓர் ஆளை டேக் ஆஃப் செய்வது அவரைப் போல நடித்துக் காட்டுவது. ‘புட் ஆஃப்’ கூட்டத்தைத் தள்ளிப்போடும். நாற்றம் நம்மைப் புட் ஆஃப் செய்தால் அருவருப்பு. ‘ஃபினிஷ் ஆஃப்’, ‘பே ஆஃப்’, ‘கில் ஆஃப்’ போன்றவற்றில் ஆஃப் மிச்சமில்லாமல் முடித்ததைக் காட்டுகிறது. கடனைப் பே ஆஃப் செய்தால் ஒரு காசு பாக்கியில்லை.

வினை வலுவாக இல்லாத இடங்களில்தான் அதிகம் சறுக்கும். பிரிட்டன் உணவகத்தில் ‘தி ஃபிஷ் இஸ் ஆஃப்’ என்றால் மீன் கெட்டுவிட்டது என்றும் கொள்ளலாம், இன்று மீன் தீர்ந்துவிட்டது என்றும் கொள்ளலாம். சொல்பவர் பரிமாறுபவர் என்றால் பெரும்பாலும் இரண்டாவது. ‘ஐ ஆம் ஆஃப் டுடே’ என்றால் இன்று எனக்கு விடுமுறை. வெறும் ‘ஐ ஆம் ஆஃப்’ என்றால் நான் கிளம்புகிறேன். ‘எ டே ஆஃப்’ விடுமுறை நாள், ‘அன் ஆஃப் டே’ எதுவும் சரியாக வராத நாள். இடம் மாறினால் பொருளே மாறுகிறது என்பதால் இந்த இணையை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஆஃப் தி மார்க்’ இன்னொரு பொறி. கிரிக்கெட்டில் ‘கெட் ஆஃப் தி மார்க்’ என்றால் முதல் ரன் எடுப்பது. ‘குவிக் ஆஃப் தி மார்க்’ சட்டென்று செயலில் இறங்குபவர். ஆனால் ஒரு கணிப்பு ‘ஆஃப் தி மார்க்’ என்றால் அது தவறு. கிரிக்கெட்டிலேயே ஆஃப் சைடு என்பது பேட்ஸ்மேனின் கால்பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். பிரிட்டன் வாகனப் பேச்சில் ஆஃப்சைடு என்பது நடைபாதை ஓரத்திலிருந்து விலகிய பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம். ‘இன் தி ஆஃபிங்’ என்பதும் விலகலிலிருந்து வந்ததே. கரையில் நின்றால் தொலைவில் தெரியும் கடல்பரப்புக்கு ஆஃபிங் என்று பெயர். அங்கே தெரியும் கப்பல் சீக்கிரம் கரைக்கு வரும் என்பதால், விரைவில் நடக்கவிருப்பதை அப்படிச் சொல்கிறார்கள்.

கொச்சை வழக்கில் நாட்டைப் பார்ப்பது கட்டாயம். ‘டிக்டு ஆஃப்’ ஆனவர் அமெரிக்கர் என்றால் எரிச்சலில் இருக்கிறார். பிரிட்டனில் என்றால் திட்டு வாங்கியிருக்கிறார். ‘கிக் ஆஃப்’ எங்கும் தொடக்கம்தான், ஆனால் பிரிட்டன் பேச்சில் ஒருவர் கிக் ஆஃப் செய்தால் ரகளை செய்கிறார். ‘நாக் ஆஃப்’ வேலை முடித்துக் கிளம்புவது, விலையைக் குறைப்பது, ஆளைக் கொல்வது, பிரிட்டனில் திருடுவதும்கூட. பெயர்ச்சொல்லானால் போலிச் சரக்கு. நடுவே ‘இட்’ வந்து ‘நாக் இட் ஆஃப்’ ஆனால் ‘போதும், நிறுத்து’. ‘ஆஃப் தி ஹுக்’ பொதுவாகச் சிக்கலிலிருந்து தப்பியதைச் சொல்லும், அமெரிக்க இளைஞர் வழக்கில் ‘பிரமாதம்’ என்று பாராட்டும்.

போய்த்தொலை என்று சொல்வதில் அளவுகள் உண்டு. ‘பஸ் ஆஃப்’ (buzz off), ‘கிளியர் ஆஃப்’ கடுமை, ஆனால் ஆபாசமில்லை. ‘பிஸ் ஆஃப்’ கெட்ட வார்த்தை. அலுவலகத்தில் வாயில் வரக்கூடாது. ‘டாஸ் ஆஃப்’ பழைய எழுத்தில் கடிதத்தை மளமளவென்று எழுதி முடிப்பது, இன்றைய பிரிட்டனில் ஆபாசம். ‘கெட் ஆஃப்’ பேருந்திலிருந்து இறங்குவது. ‘கெட் ஆஃப் வித்’ என்றாலோ பிரிட்டனில் முத்தம் முதலான நெருக்கம். சக ஊழியரோடு பேருந்திலிருந்து இறங்கியதைச் சொல்ல இதைப் பயன்படுத்திவிடாதீர்கள்.

தமிழிலிருந்து கொண்டுபோகும் தவறுகளில் முதலாவது, ஆஃப்பையே வினையாக்குவது. ‘ஆஃப் தி ஃபேன்’ தவறு, ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’ சரி. ஆளின் பெயரோடு ஆஃப்பை வினையாக்கினால் அமெரிக்கக் கொச்சையில் அவரைத் தீர்த்துக்கட்டு என்று பொருள். ‘மை மூட் இஸ் ஆஃப்’ என்பதற்கு ‘ஐ ஆம் இன் எ பேட் மூட்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

இலக்கணத்தில் ஒரு விதி தவறாமல் தேவைப்படும். ‘இட்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில் வர வேண்டும்: ‘கால் இட் ஆஃப்’ சரி, ‘கால் ஆஃப் இட்’ தவறு. பெயர்ச்சொல்லை நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். எதன்மீதிருந்து விலகுகிறோமோ அதைச் சொல்லும்போது மட்டும் ஆஃப் முன்னால் வரும்: ‘கெட் ஆஃப் இட்’. பேச்சில் வினையாக வந்தால் அழுத்தம் ஆஃப்பில் விழும். ‘டேக்-ஆஃப்’, ‘ரிப்-ஆஃப்’ என்று பெயர்ச்சொல்லானால் முதல் சொல்லில் அழுத்தம். எழுத்திலும் இடைக்கோடு போடுவார்கள் அல்லது சேர்த்து எழுதுவார்கள்.

புதிய ஆஃப் சொற்றொடரை அகராதியில் ஆஃப்பின் கீழ் தேடாதீர்கள், வினையின் கீழ் தேடுங்கள். கற்போருக்கான அகராதிகளில் அந்த வினையின் பதிவு முடியும் இடத்தில் இவற்றைத் தனியே தொகுத்து வைத்திருப்பார்கள். பட்டியலின் முதல் பொருளோடு நின்றுவிடாமல், உங்கள் வாக்கியத்தின் எழுவாயோடு பொருந்தும் எடுத்துக்காட்டு வரும்வரை கீழே போங்கள்.