கனடாக் கமராவோடு வன்னிக்கு வருகிறவர் செய்யும் தவறுகள்

ரொறன்ரோவில் கிழமை நாள் முழுக்கத் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமைதான் கமராவைத் தொடுவேன். ஏரிக்கரை, பனி, இலை நிறம் மாறும் காலம் என்று பத்து வருடப் பழக்கம். அந்தத் துணிவோடு வன்னியில் விசுவமடுவுக்கு முதல் தடவை கமராவும் கையுமாக வந்தேன். திரும்பிப் போய்க் கணினியில் போட்டுப் பார்த்தால் பாதிப் படம் பழுது. கமராவில் பிழையில்லை. அது கனடாவின் வெளிச்சத்துக்கும் கரண்டுக்கும் பழகியிருந்தது, வைத்திருந்தவனும் அப்படித்தான்.

கரண்ட் என்றதும் எல்லாரும் பிளக்கைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். அது சின்ன விசயம். பெரும்பாலான கமராச் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். கிளிநொச்சி ரவுனில் ஒரு அடாப்டர் வாங்கினால் காரியம் முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத வில்லங்கம் வேறொன்று. கனடாவில் மின்சாரம் விநாடிக்கு 60 தடவை அலையும், இலங்கையில் 50 தடவை. ரியூப் லைட் அதன் இரண்டு மடங்கு வேகத்தில் மங்கி மங்கி எரிகிறது. கண் அதைக் காணாது. படத்தை வரிவரியாக வாசிக்கும் கமரா காணும். மச்சாளின் கலியாண வீட்டில், தாலி கட்டும் நேரத்து வீடியோ முழுக்கக் கறுப்புப் பட்டி பட்டியாக ஓடியது இதனால்தான். வந்து இறங்கியதும் கமரா மெனுவில் என்ரிஎஸ்சி (NTSC) என்று இருப்பதைப் பால் (PAL) என்று மாற்றுங்கள். மண்டபத்துக்குள் வீடியோவுக்கு ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வையுங்கள், படத்துக்கு 1/100 போதும். லண்டன், பாரிஸ், சூரிச்சில் இருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் 50தான்.

அடுத்தது மணிக்கூடு. வற்றாப்பளை அம்மன் பொங்கலில் விடிய 6 மணிக்கு எடுத்த படம், கனடா நேரத்தில் ஓடும் கமராவில் முதல்நாள் இரவு 8.30 என்று பதிவாகும். கோடையில் வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம், மாரியில் பத்தரை. அந்த அரை மணித்தியாலத்தைத்தான் ஆட்கள் மறக்கிறார்கள். தம்பியின் போன் படங்களையும் என் படங்களையும் ஒன்றாகப் போட்டபோது, பொங்கல் பொங்க முதலே ஆட்கள் பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளிச்சத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் மார்கழி மாதம் உச்சிப் பொழுதிலும் சூரியன் அடிவானத்தில் இருந்து 23 பாகை அளவுதான் ஏறும். நாள் முழுக்கச் சரிந்த வெயில், எந்த நேரம் எடுத்தாலும் முகத்தில் ஒளி விழும். வன்னியில் சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில் மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட நேரே தலைக்கு மேல். அந்த நேரம் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் இருக்கும். ஆளை வேப்பமர நிழலுக்கோ கொட்டில் வாசலுக்கோ கூட்டிப் போங்கள். பின்னேரமும் ஏமாற்றும். கனடாவில் ஆனி மாதம் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இழுபடும். இங்கே சூரியன் செங்குத்தாக விழுகிறது. இரணைமடுக் குளக்கட்டில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு எடுக்கலாம் என்று இருந்தேன். கோப்பையைக் கழுவி வைக்கிற நேரத்துக்குள் இருட்டிவிட்டது.

கமராவில் வெளிச்சம் அளக்கும் மீற்றருக்கு உலகம் எல்லாம் சாம்பல் நிறம். பனியைக் காட்டினால் சாம்பலாக்கும் என்பதால் நாங்கள் அங்கே எக்ஸ்போஷரை, அதாவது கமரா எடுக்கும் வெளிச்சத்தின் அளவை, ஒரு படி கூட்டப் பழகியிருக்கிறோம். இங்கே பனி இல்லைத்தான். ஆனையிறவு உப்பளமும் முல்லைத்தீவுக் கடற்கரையும் அதே வேலையைச் செய்யும். அங்கே கூட்டாவிட்டால் எங்கட ஆட்களின் முகம் கரியாகிவிடும். மாறாக, இருட்டுக் குசினியில் நிற்கும் அம்மாவை எடுத்தால் வெளுறிப் போவார். அங்கே குறைக்க வேண்டும். வெள்ளை வேட்டி கட்டியவரை எடுக்கும்போது வேட்டியை விட்டு முகத்தில் அளவெடுங்கள். போனில் இருக்கும் அழகாக்கும் வசதியைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். எங்கட தோலின் நிறம் திருத்த வேண்டிய பிழை இல்லை.

சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி பறக்கிற றோட்டோரத்தில் லென்ஸ் கழற்றக் கூடாது. கனடாவில் குளிரில் இருந்து வீட்டுக்குள் வந்தால் கண்ணாடியில் நீர் படியும். இங்கே ஏசி வாகனத்தில் இருந்து வெளியே இறங்கும்போது படியும். பையை மூடியபடி கொஞ்ச நேரம் விடுங்கள். பழைய கமராவைத் தம்பியிடம் விட்டுப் போகிறவர்கள், அலுமாரியில் வைக்கச் சொல்லாதீர்கள். மாரி ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் வைப்பது வேண்டாம், மாத்தூள் உள்ளே போகும்.

ட்ரோன் கொண்டு வர நினைத்தால் அனுமதியை முதலே எடுங்கள். இராணுவ முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால், பற்றைக்குள் மயிலே ஆடினாலும் காலை வைக்காதீர்கள், மிதிவெடி.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரின் போராட்டத்தைப் பலரும் வந்து படம் எடுத்தார்கள். அந்தத் தாய்மாரின் மடியிலும் ஒரு படம் இருந்தது. 2009இல் யுத்தத்துக்குள் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய வீடுகள் இங்கே ஏராளம். எங்கள் வீட்டிலேயே அதற்கு முந்தியது மூன்று படம்தான். இப்படியான ஊரில் ஒருவரைப் படம் எடுத்துவிட்டு, அதைக் கனடாவுக்குக் கொண்டுபோய் வன்தட்டில் பூட்டி வைப்பதுதான் நான் செய்த பெரிய தவறு. பக்கத்து வீட்டு ஆச்சி அடுத்த தடவை கண்டவுடன் கேட்டது என் சுகத்தை இல்லை.

“தம்பி, போனமுறை எடுத்த படம் எங்க?”

அன்றைக்கே ரவுனுக்குப் போய் ஸ்ரூடியோவில் பெரிதாகப் பிரதி போட்டு, கறையான் அரிக்காமல் லமினேற் பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தேன். கனடாவில் பழகிய பாணியில் முகத்தை மட்டும் நெருக்கி எடுத்த படம். சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும். எனக்கு அதில் பெரிய பெருமை. ஆச்சி வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தா.

“படமெண்டு நீ சொல்லத்தானே பெட்டியத் திறந்து தோடு போட்டனான். காதை வெட்டிப் போட்டாயேயடா.”