தனித்தனிக் காலனி வேண்டுமா? லூப்பைச் சுட மறக்காதீர்கள்

ஸ்ட்ரீக்கிங் (அகார் என்னும் கூழ் போன்ற வளர்ப்புப் பொருள் நிரப்பிய பிளேட்டில், பாக்டீரியாவைக் கோடு கோடாக இழுத்துப் பிரிப்பது) பழகத் தொடங்கும்போது பலருக்கும் பிளேட் முழுக்கப் பாக்டீரியா ஒரே படலமாகப் படர்ந்துவிடும், தனிக் காலனி (ஒரு செல்லிலிருந்து பெருகிய பாக்டீரியாக் கூட்டம்) ஒன்றுகூட இருக்காது. பலரும் கைப்பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல, பிளேட்டின் ஒரு பகுதியை முடித்து அடுத்த பகுதிக்குப் போகும்முன் லூப்பை, அதாவது கோடு இழுக்கும் வளைய நுனிக் கம்பியை, சுடாமல் விட்டதுதான்.

பழகுவதற்கு ஈ.கோலை கே-12 போன்ற நோய் உண்டாக்காத ஆய்வக வகையே போதும். 1922-இல் பிரித்தெடுக்கப்பட்டு இத்தனை காலம் ஆய்வகத்திலேயே வளர்ந்ததால், மனிதக் குடலில் நிலைத்து வாழும் திறனை அது பெருமளவு இழந்துவிட்டது. நோய்க்கிருமிகளைத் தொட உரிய பாதுகாப்பு அறை, பயிற்சி, அனுமதி மூன்றும் வேண்டும், கைப்பழக்கத்துக்காக அவற்றின் பக்கம் போகவே கூடாது.

பிளேட்டின் மேற்பரப்பு உலர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈரம் இருந்தால் காலனிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும், நீங்கள் எவ்வளவு அழகாகக் கோடு இழுத்தாலும் பயனில்லை. பெயரும் தேதியும் மூடியில் வேண்டாம், அடித்தட்டில் எழுதுங்கள். மூடிகள் எளிதில் மாறிப்போகும்.

சரி, இப்போது கோடு. லூப்பைச் சுடரில் செக்கச் சிவக்கச் சுட்டு, ஆறவிட்டு, கல்ச்சரை (வளர்த்து வைத்த பாக்டீரியாவை) லேசாகத் தொட்டால் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறு காலனியிலேயே கோடிக்கணக்கான செல்கள் இருக்கும், அள்ளி எடுக்கத் தேவையே இல்லை. பிளேட்டின் கால் பகுதியில் நெருக்கமாக முன்னும் பின்னும் கோடு இழுங்கள். அடுத்து லூப்பை மறுபடி சுட்டு, கிருமி படாத அகாரின் ஓரத்தில் தொட்டு ஆறவைத்து, பிளேட்டைத் திருப்பி, முதல் பகுதியின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று கோடுகள் மட்டும் இழுத்துக்கொண்டு வந்து அதற்குமேல் அங்கே திரும்பிப் போகாமல் இரண்டாம் பகுதியை நிரப்புங்கள். மறுபடி சூடு, மறுபடி திருப்பு, மூன்றாம் பகுதி. நான்காவதில் கோடுகள் தாராள இடைவெளியோடு வளைந்து போகட்டும், முதல் பகுதியைத் தொட்டுவிடாமல். ஒவ்வொரு முறை சுடும்போதும் லூப்பில் இருந்தவை அழிகின்றன, முந்தைய கோட்டிலிருந்து கொஞ்சம் மட்டுமே அடுத்ததற்கு வருகிறது, இப்படிக் குறைந்து குறைந்துதான் கடைசியில் செல்கள் தனித்தனியாக விழுகின்றன. லூப்பை அழுத்தினால் அகார் கிழியும். மூடியையும் முழுதாகத் திறக்காமல் ஒரு பக்கம் மட்டும் தூக்குங்கள்.

பிளேட்டைத் தலைகீழாக வைத்து 37 டிகிரி செல்சியஸில் 18 முதல் 24 மணி நேரம் விடுங்கள். நேராக வைத்தால் மூடியில் கோக்கும் நீர்த்துளி காலனி மேலே சொட்டும். (1881-இல் ஃபேனி ஹெஸ்ஸே அகாரைச் சொல்லித்தரும்வரை ஜெலட்டின்தான் பயன்பாட்டில் இருந்தது, இந்த வெப்பத்தில் அது உருகிவிடும். அந்த அம்மாவுக்கு நாம் நிறையவே கடன்பட்டிருக்கிறோம்.)

கோட்டுக்கு வெளியே முளைத்த காலனி பெரும்பாலும் காற்றில் வந்தது, அதை நம்பாதீர்கள். கோட்டின் மேல் நன்றாகத் தனித்து நிற்கும் ஒன்றை எடுத்துப் புது பிளேட்டில் இன்னொரு முறை ஸ்ட்ரீக் செய்தால் தூய்மையைப் பற்றிய சந்தேகம் போகும். ஓரத்தைப் பாராஃபிலிம் (இழுபடும் மெழுகுப் படலம்) சுற்றி 4 டிகிரியில் வைத்தால் சில வாரம் தாங்கும்.

வேலை முடிந்த பிளேட்டுகளை அப்படியே குப்பையில் போடக் கூடாது. ஆட்டோகிளேவ் பையில் போட்டு, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கருவி) 121 டிகிரியில் குறைந்தது 30 நிமிடம் வையுங்கள், பையின் வாயை இறுக்கிக் கட்டாமல். நீராவி உள்ளே போனால்தான் கிருமி சாகும்.