டோஸ் கணக்கு பயம்: பேனாவிலிருந்து சிரிஞ்ச் பம்ப் வரை

டோஸ் கணக்கில் தடுமாறும் நர்சிங் மாணவர்கள் பலருக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரியும். பயம் வந்ததும் எண்களை மனதில் நிறுத்தி வைக்கும் கவனத்தை அந்தப் பயமே பிடுங்கிக்கொள்கிறது, அதுதான் சிக்கல். ‘பதற்றப்படாதே’ என்று சொல்லிப் பயனில்லை. மனதில் சுமக்க வேண்டியதைக் காகிதத்தில் இறக்கிவிட வேண்டும்.

சூத்திரத்தைத் தொடும் முன் உத்தேச விடையை ஓரத்தில் எழுதுங்கள். 12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 180 மி.கி. கையில் இருக்கும் சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. அப்படியானால் 10 மி.லி.யில் 250. நமக்கு வேண்டிய 180 இந்த இரண்டுக்கும் நடுவே, ஆகவே 7 மி.லி. பக்கம். இப்போது கணக்கு: 180 ÷ 125 × 5 = 7.2 மி.லி. மேலே கீழே மாற்றிப் போட்டால் ஏறக்குறைய 3.5 வரும், புள்ளி நழுவினால் 72 வரும். ஓரத்தில் 7 என்று எழுதியவர் இரண்டையும் உடனே பிடித்துவிடுவார். இதே சிரப் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றும் கிடைக்கிறது. லேபிளைப் பார்க்காமல் 7.2 மி.லி. கொடுத்தால் இரட்டை டோஸ்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களை எண்களைவிட வினாவின் ஆங்கிலம்தான் அதிகம் மிரட்டுகிறது. ‘பெர் டே, இன் த்ரீ டிவைடெட் டோசஸ்’ என்று இருந்தால் கிடைக்கும் விடை ஒரு நாளுக்கானது. அதை மூன்றால் வகுத்தால்தான் ஒரு வேளைக்கு. ‘இது நாளுக்கா, வேளைக்கா?’ என்று வினாத்தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அலகை ஒருபோதும் விடாதீர்கள். டோபமைன் 200 மி.கி.யை 50 மி.லி.யாகக் கலந்திருக்கிறது, நோயாளி 60 கிலோ, உத்தரவு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம்.

5 × 60 கிலோ = நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம்
300 × 60 நிமிடம் = மணிக்கு 18,000 மைக்ரோகிராம்
18,000 ÷ 1,000 = மணிக்கு 18 மி.கி.
200 ÷ 50 = 1 மி.லி.யில் 4 மி.கி.
18 ÷ 4 = மணிக்கு 4.5 மி.லி.

இதில் இரண்டு 60 வருகிறது. ஒன்று எடை, மற்றது நிமிடம். அலகு எழுதாதவர் ஒன்றை விட்டுவிட்டு ‘ஏற்கனவே பெருக்கிவிட்டோமே’ என்று நினைத்துக்கொள்வார். இந்த ஐந்து வரியை ஒரே நீளச் சூத்திரமாக மனப்பாடம் செய்வது வீண்வேலை. பதற்றத்தில் முதலில் மறப்பது அதுதான்.

டிரிப்பில் தவறு பெரும்பாலும் கால்குலேட்டரில் நடக்கிறது. 500 மி.லி., 8 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் (டிரிப் குழாய்). 500 × 20 ÷ 8 × 60 என்று தட்டினால் 75,000 வரும். கருவி 8-ஆல் வகுத்துவிட்டு 60-ஆல் பெருக்கிவிடும். முதலில் 8 × 60 = 480 என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 10,000 ÷ 480 = 20.8, அதாவது நிமிடத்துக்கு 21 சொட்டு. சரிபார்க்கக் குறுக்குவழி: மணிக்கு எத்தனை மி.லி. என்பதை 20 சொட்டு செட்டானால் 3-ஆல் வகுக்கலாம், 15 சொட்டானால் 4-ஆல். 60 சொட்டு மைக்ரோ செட்டில் அந்த எண்ணே விடை. எந்த செட் என்பது உறையில் அச்சிட்டிருக்கும்.

இன்சுலினில் கணக்கே வேண்டாம், சிரிஞ்சும் வயலும் (மருந்துக் குப்பி) பொருந்தினால் போதும். மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வயலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் உள்ள வயலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட்.

சிரிஞ்சிலிருந்து மருந்தை வைத்த வேகத்தில் தள்ளும் கருவிதான் சிரிஞ்ச் பம்ப். அந்தப் பயத்துக்கு மருந்து, நோயாளி இல்லாத பம்ப்தான். பயிற்சி ஆய்வகத்தில் 50 மி.லி. சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, மணிக்கு 30 மி.லி. வைத்து ஓட்டுங்கள். 10 நிமிடத்தில் 5 மி.லி. இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சிரிஞ்சின் அளவும் பிராண்டும் திரையில் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேண்டுமென்றே த்ரீவேயை (குழாயில் உள்ள மூவழித் திருகை) மூடி அடைப்பு அலாரத்தை அடிக்க விடுங்கள். முதலில் சத்தத்தை நிறுத்தி, காரணத்தைத் தேடிப் பழகினால் அந்த ஓசைக்கு உடம்பு துள்ளாது. அடைப்பைச் சட்டென்று திறந்தால் குழாயில் தேங்கிய அழுத்தம் மருந்தை மொத்தமாகத் தள்ளும். அழுத்தத்தை இறக்கிவிட்டே திறக்க வேண்டும். தொடக்கப் பொத்தானை அழுத்தும் முன் திரையில் உள்ள எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். 4.5 என்பது 45 ஆகிக் கிடப்பது காதில்தான் முதலில் உறைக்கும். எழுதும்போதும் .5 வேண்டாம், 0.5 என்று எழுதுங்கள்; 5.0 வேண்டாம், வெறும் 5 போதும்.

பயிற்சிக்கு நாளுக்கு ஐந்து கணக்கு போதும். நேரம் பார்க்காமல் எல்லாம் சரியாக வரும்வரை கடிகாரத்தை எடுக்காதீர்கள். அதன்பிறகு நேரம் வையுங்கள், கடைசியாகச் சத்தமுள்ள இடத்தில் உட்கார்ந்து போடுங்கள்.

வார்டில் இரண்டாமவரிடம் சரிபார்க்கும்போது உங்கள் விடையைச் சொல்லாதீர்கள். உத்தரவையும் ஆம்பியூலையும் மட்டும் கொடுத்து, அவர் தனியாகப் போட்ட பிறகு ஒப்பிடுங்கள். ‘4.5 தானே சிஸ்டர்?’ என்று கேட்டால் வேலை அவசரத்தில் அவரும் தலையை ஆட்டிவிடுவார்.