அரசு நிறுவனத்தில் நிதிப் பொறுப்பேற்கப் போகிறவருக்கு

பொறுப்பேற்ற அன்று வரும் பூங்கொத்தை ஓரமாக வைத்துவிட்டு மூன்று காகிதங்களைக் கேளுங்கள். யார் எவ்வளவு தொகை வரை ஒப்புதல் தரலாம் என்று சொல்லும் நிதி அதிகாரப் பகிர்வு ஆணை, வங்கிக் கணக்கையும் நம் ரொக்கப் புத்தகத்தையும் ஒப்பிடும் போன மாத வங்கிச் சரிக்கட்டுப் பட்டியல், தணிக்கை அறிக்கைகளில் எழுப்பப்பட்டு இன்னும் தீராத ஆட்சேபங்களின், அதாவது தணிக்கைப் பத்திகளின், பட்டியல். எதற்கு "நாளைக்குத் தர்றோம் சார்" என்று பதில் வருகிறதோ, உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

நான் சொல்வது மத்திய அரசு மானியத்தில் நடக்கும் தன்னாட்சி அமைப்புகளைப் பற்றி. என் உத்தியோகம் முழுக்க அங்கேதான். ஓரிடத்தில் நிதி அலுவலர் என்பார்கள், இன்னோரிடத்தில் நிதி ஆலோசகர் மற்றும் முதன்மைக் கணக்கு அலுவலர் என்று பலகை நீளும். வேலை ஒன்றுதான்.

சரிக்கட்டுப் பட்டியல் வந்ததும் கடைசி வரியில் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்து மூடிவிடாதீர்கள். 'வங்கியில் வரவு, நம் ரொக்கப் புத்தகத்தில் இல்லை' என்ற பகுதிக்குப் போங்கள். யாரோ கட்டிய கட்டணம், ஒப்பந்ததாரர் திருப்பிய தொகை, எந்தக் கணக்குத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளையும் ஒரு தேதியையும் குறித்துக் கொடுங்கள். ஊழியர்கள் வாங்கிக் கணக்கு முடிக்காத முன்பணத்துக்கும் இதே வைத்தியம். வாங்கியவர் ஓய்வு பெறும் மாதத்தில் தேட ஆரம்பித்தால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

அடுத்து மானியம். 31 பொதுச் செலவு, 35 மூலதனச் சொத்து, 36 சம்பளம் என்று மூன்று தலைப்பில் பணம் வரும். சம்பளத் தலைப்பில் மிச்சம் இருக்கிறதே, கணினி வாங்கிக்கொள்ளலாமே என்று யாராவது கேட்பார்கள். மானியம் தரும் அமைச்சகத்தின் ஒப்புதல் இல்லாமல் முடியாது. முந்தைய மானியத்துக்குப் படிவம் 12ஏ-யில் பயனீட்டுச் சான்று, அதாவது பணத்தை உரிய நோக்கத்துக்கே செலவழித்தோம் என்ற சான்று, போகாவிட்டால் அடுத்த தவணையும் நகராது.

இனி கோப்பு. இந்தப் பதவியில் பாதி உயிர் அதில்தான். "நிதிப் பிரிவு ஏற்கவில்லை" என்று ஒரே வரி எழுதித் திருப்புவது சோம்பேறித்தனம். அப்படி எழுதுகிறவரைத் தாண்டிப் போகத்தான் எல்லோரும் வழி தேடுவார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "இத்தொகை இயக்குநரின் அதிகார வரம்புக்கு மேற்பட்டது; நிதிக் குழுவின் ஒப்புதல் தேவை. தலைப்பு 35-இல் போதிய மீதி உள்ளது. பராமரிப்புச் செலவு மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை. சேர்த்து மீண்டும் அனுப்பலாம்." எங்கே தடை, அதை யார் நீக்க முடியும், பணம் இருக்கிறதா என்ற மூன்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்துப் புரட்டுகிறவருக்கும் விளங்கும்.

வாய்மொழி உத்தரவு வரும். வராத அலுவலகம் கிடையாது. "தொலைபேசியில் கலந்து பேசியபடி" என்று அன்றைக்கே எழுதி, உத்தரவிட்டவரின் உறுதிக்குக் கோப்பை அனுப்பிவிடுங்கள். பல உத்தரவுகள் அந்தக் கட்டத்திலேயே காணாமல் போய்விடும்!

ஒரே பொருளுக்கு நாலு சின்னப் பில் வந்தால் நாலையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். மேலிட ஒப்புதலையோ டெண்டரையோ தவிர்க்கக் கொள்முதலைத் துண்டு போடக் கூடாது என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 வெளிப்படையாகவே சொல்கின்றன. அதன் 21-ஆம் விதி இன்னும் எளிமையானது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பணத்தில் காட்டும் கவனத்தைப் பொதுப் பணத்திலும் காட்ட வேண்டும்.

மார்ச் மாதத்து அவசரம் உண்மையில் செப்டம்பரில் தவறவிட்ட வேலை. அமைச்சகங்களுக்கு ஆண்டு மதிப்பீட்டில் கடைசிக் காலாண்டில் 33 விழுக்காடு, மார்ச்சில் மட்டும் 15 விழுக்காடு என்று வழக்கமான செலவு வரம்பு உண்டு. அதனால் உங்கள் தேவை அவர்களிடம் முன்கூட்டியே போயிருக்க வேண்டும். துறைத் தலைவர்களை செப்டம்பரிலேயே உட்காரவைத்து, எந்தக் கொள்முதல் முடியும், எது முடியாது என்று கேட்டு, ஆண்டின் நடுவில் அனுப்பும் திருத்திய வரவு செலவு மதிப்பீட்டைத் தயாரியுங்கள். முடியாததை முடியாது என்று சொல்லவைப்பதுதான் கஷ்டம்.

ஆண்டுக் கணக்குக்கு மூன்று தேதிகள்: ஜூன் 30-க்குள் தணிக்கைக்கு, அக்டோபர் 31-க்குள் தணிக்கை அறிக்கை, டிசம்பர் 31-க்குள் நாடாளுமன்றத்தில் வைப்பதற்காக அமைச்சகத்துக்கு. முதல் தேதி தவறினால் மற்ற இரண்டும் தானாகத் தவறும்.

தணிக்கைக் குழு வந்து உட்கார்ந்ததும் 'ஹாஃப் மார்ஜின்' தாள்கள் வரத் தொடங்கும். பக்கத்தின் ஒரு பாதியில் அவர்கள் கேள்வி, மறுபாதி நம் பதிலுக்கு. அவர்கள் கட்டடத்தில் இருக்கும்போதே, ஆவண நகலை இணைத்துப் பதில் கொடுத்துவிடுங்கள். அங்கே முடியாத கேள்வி பத்தியாக அறிக்கையில் ஏறிவிட்டால் அதை இறக்க வருஷங்கள் ஆகும். கேட்ட கோப்பு கிடைக்கவில்லையா? எப்போது கடைசியாக யாரிடம் இருந்தது, எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று வாயால் சொன்னது, "ஆவணம் அளிக்கப்படவில்லை" என்றுதான் அறிக்கையில் அச்சாகும்.