கணக்கும் அறிவியலும் நன்றாகச் சொல்லித்தரும் பள்ளி தேடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் கடைசியில் ஒரு மதியம், பேரணாம்பட்டிலிருந்து ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். வேலூர் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் நான்கு பள்ளிகளின் வழவழப்பான விளம்பரப் புத்தகங்கள். மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறான், கணக்கில் கெட்டிக்காரன். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நீட், ஜேஇஇ என்ற மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்கு அடித்தளம் போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிட வேண்டும், மறுநாள் முன்பணம் கட்டுவதாக இருக்கிறார். “டீச்சர், இந்த நான்கில் எது நல்லது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்” என்றார்.

நான் பதினெட்டு ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். அதில் பதினொரு ஆண்டுகள் இப்படிப்பட்ட தனியார் பள்ளிகளில். அவர் கேட்ட இதே கேள்வியை 2021இல் என் தம்பி என்னிடம் கேட்டான். நான் ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னேன். கேள்வியே தப்பு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவர் அதே வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். கட்டணத்தை விசாரியுங்கள், தூரத்தைப் பாருங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதை விட்டுவிட்டு வருகிறோம் என்று பார்க்காமல் அரசுப் பள்ளியிலிருந்து எடுப்பது

என் தம்பி குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறான். அவன் மகள் அங்கே அரசுப் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தாள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறியும் இருந்தாள். மாதம் 1,000 ரூபாய் வீதம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகள், மொத்தம் 48,000 ரூபாய். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. “இந்தப் பள்ளியிலேயே இருந்தால் நீட் எப்படி அக்கா எழுதுவாள்?” என்று தம்பி கேட்டான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நகையை அடகு வைத்து ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தோம்.

சேர்ந்த அன்றே உதவித்தொகை போய்விட்டது. அது அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் தொடர்ந்து படிப்பவர்களுக்கு மட்டும்தான். அது சின்ன இழப்பு. பெரிய இழப்பு என்னவென்று தெரிய நான்கு ஆண்டுகள் ஆயின.

2020இல் தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தேறியவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஹோமியோபதி ஆகிய படிப்புகளின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் தனியாக ஒதுக்க வேண்டும் என்பது அது. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. இதில் இடம் கிடைத்தவர்களுக்குத் தனியார் கல்லூரியாகவே இருந்தாலும் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது.

நாங்கள் அவளைப் பள்ளி மாற்றியது 2021 ஜூன் மாதம். சட்டம் வந்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. செய்தித்தாளில் நான் படித்த செய்திதான். படித்தும், என் வீட்டுப் பெண்ணின் மாற்றுச் சான்றிதழோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

2025இல் நீட் எழுதினாள். நன்றாகவே எழுதினாள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொதுக் கலந்தாய்வில் அந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரி இடம் எட்டவில்லை. அவளோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பெண், பள்ளி மாறாமல் அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், இவளைவிட ஐம்பது மதிப்பெண்ணுக்கு மேல் குறைவு. அவளுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. என் தம்பி வீட்டுத் தாழ்வாரத்தில், கைப்பேசியில் தரவரிசைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, “அத்தை, அவள் என்னைவிடக் குறைவுதானே எடுத்தாள்?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கூட்டல் எங்கே தப்பிவிட்டது என்று நோட்டைக் காட்டிக் கேட்பது போலக் கேட்டாள். அந்தத் தோழி மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் உழைப்புக்கு வந்த இடம் அது. என் வருத்தமெல்லாம் நான் சொன்ன யோசனை மீதுதான். நகை இன்னும் அடகில் இருக்கிறது.

இன்று இவள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இவளுக்கு இல்லை. பையன்களுக்கு இதேபோன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்திருக்கிறது.

இன்னும் எரிச்சலூட்டுவது என்னவென்றால், சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம் தனியார் பள்ளிகள் இதைச் சொல்வதே இல்லை. மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளும்போது ஒரு வரி சொன்னால் போதும். நான் வேலை பார்த்த இடங்களில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

வீட்டில் பேசும்போது குழப்பம் வரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. வேலூர்ப் பக்கம் பழைய உதவி பெறும் பள்ளிகள் நிறைய உண்டு. ‘அதுவும் கவர்ன்மெண்ட்தானே’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் நிறைய. 7.5 சதவீதத்தில் உதவி பெறும் பள்ளி சேராது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் சேரும். நடுவில் ஓர் ஆண்டு மட்டும் தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பி வந்தாலும் உரிமை போய்விடும். ஒரே ஒரு விலக்கு உண்டு: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் தகுதி உண்டு.

ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. பிள்ளையின் நோக்கம் அங்கேதான் என்றால் உங்கள் கணக்கு வேறு. ஏற்கெனவே மெட்ரிக் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் இதில் இழக்க எதுவும் இல்லை. ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கணக்கிலும் அறிவியலிலும் கூடுதல் பயிற்சி வேண்டுமென்றால், முதலில் தட்ட வேண்டிய கதவு அரசின் மாதிரிப் பள்ளி. 38 மாவட்டங்களிலும் இருக்கிறது. தங்கிப் படிக்கலாம், கட்டணம் இல்லை, அதில் படித்தால் அரசுப் பள்ளி உரிமையும் போகாது. பேரணாம்பட்டுக்காரரின் மஞ்சள் பையில் அதைப் பற்றி ஒரு காகிதமும் இல்லை. விளம்பரம் செய்யாத பள்ளியை யார் போய்த் தேடுகிறார்கள்?

பேனரில் இருக்கும் முகங்களை எண்ணுவது

அந்தப் பிள்ளைகள் எந்த வகுப்பில் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்று கேளுங்கள்.

பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்கும் பள்ளியில் சேர்ப்பது

பிளஸ் 1 பாடத்தை இரண்டு மாதத்தில் மூடிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பிளஸ் 2 பாடத்தையே உருப்போட வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வெகுகாலமாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பழைய வழக்கம் திரும்பிவிடுமோ என்ற பயமும் கூடவே இருக்கிறது.

இதன் விளைவை நான் கரும்பலகை முன்னால் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் மாறுதிசை மின்னோட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். சைன் வளைகோட்டை வரைந்துவிட்டுத் திரும்பினால், முதல் வரிசையில் எப்போதும் நூறு வாங்கும் பையன் எழுந்து, “மிஸ், இது ஏன் மேலே போய்க் கீழே வருகிறது?” என்று கேட்டான். பதினொன்றாம் வகுப்பில் தனிச்சீரிசை இயக்கம் படித்திருந்தால் அந்தக் கேள்வி வராது. அவனுக்கு அந்தப் பாடத்தை யாரும் நடத்தவே இல்லை. சூத்திரம் தெரியும், மதிப்பெண்ணும் வரும். நீட்டும் ஜேஇஇயும் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேட்கும் தேர்வுகள் என்பதால், அவன் பாதிப் பாடத்தோடுதான் அங்கே போய் உட்கார்ந்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். டிசம்பர் மாதத்தில், அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் யாராவது ஒரு பிள்ளையின் இயற்பியல் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். மின்னூட்டம், மின்தேக்கி என்று ஆரம்பித்திருந்தால், அது பிளஸ் 2 பாடம். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆய்வகம் ‘இருக்கிறதா’ என்று கேட்பது

எல்லாப் பள்ளியிலும் இருக்கும். கதவைத் திறந்து காட்டுவார்கள், மேசைகள் பளபளவென்று இருக்கும். நீங்கள் பியூரெட்டைப் பாருங்கள். தினமும் கை படுகிற பியூரெட்டின் திருகு இலகுவாகத் திரும்பும். ஆண்டுக்கு ஒரு முறை செய்முறைத் தேர்வுக்கு மட்டும் எடுப்பது இறுகிப்போயிருக்கும். நிறமாலைமானி மீது போர்த்திய துணியை விலக்கினால் தூசி கையோடு வரும். மாணவர்களின் செய்முறைக் குறிப்பேடுகளில் இரண்டை எடுத்து அருகருகே வையுங்கள். தனி ஊசலின் அலைவு நேரம் இருவருக்கும் இரண்டு தசமத் தானம் வரை அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், ஊசலை யாரும் ஆட்டவில்லை.

கணக்கை விடச் சொன்னதும் சரி என்பது

“டாக்டருக்குத்தான் படிக்கப் போகிறாள், கணக்கு எதற்கு? தாவரவியல், விலங்கியல் எடுத்துக்கொள்ளட்டும்” என்று பள்ளிகள் சொல்லும். நீட்டுக்குக் கணக்கு தேவையில்லை என்பது உண்மை. ஆனால் நீட்டில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அடுத்த கதவு எது என்று யோசியுங்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் பாதி, அதாவது 100, கணக்குக்கு உரியது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50 வீதம். பதினைந்து வயதில் கணக்கை விட்டவருக்கு அந்த வரிசையில் நிற்கவே வழியில்லை. பிள்ளைக்குக் கணக்கு சுத்தமாக வரவில்லை என்றால் விடுங்கள். பள்ளியின் வகுப்புப் பிரிவு வசதிக்காக விடாதீர்கள்.

தமிழ் வழிப் பிள்ளையை ஒரே கோடையில் ஆங்கில வழிக்கு மாற்றுவது

உந்தம், முடுக்கம் என்று பத்து ஆண்டு புரிந்து படித்தவன், ஜூன் மாதம் முதல் வாரத்தில் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு இயற்பியல் வரவில்லை என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். நீட்டையும் ஜேஇஇ மெயின் தேர்வையும் தமிழிலேயே எழுதலாம். ஜேஇஇ அட்வான்ஸ்டு மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அதற்குப் போகிறவன் என்றால் எட்டாம் வகுப்பிலிருந்தே இரண்டு மொழிகளிலும் கலைச்சொற்களை எழுதிப் பழகட்டும்.

விடுதியைப் பகலில் பார்ப்பது

இரவு ஒன்பது மணிக்குப் போங்கள். விடமாட்டோம் என்றால் அதுவே பதில்.

பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்வது

பேரணாம்பட்டுக்காரரிடம், “பையனையும் அழைத்து வாருங்கள், அதுவரை முன்பணம் கட்ட வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன் சுவரோரமாக நின்றான். என்ன ஆகப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை; அதற்கு எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சமீபத்தில் நீயாகவே எதையாவது கணக்குப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். அவர்கள் தெருப் பள்ளிவாசல் மினாராவின் உயரத்தை, ஒரு குச்சியையும் அதன் நிழலையும் வைத்து அளந்திருக்கிறான். காலையில் ஒரு விடை, மாலையில் ஒரு விடை வந்திருக்கிறது. மாலையில் நிழல் எதிர்வீட்டுத் திண்ணை மீது ஏறிவிடுகிறது, அதனால்தான் தப்பு என்று அவனே கண்டுபிடித்து, மறுநாள் காலையில் மறுபடியும் அளந்திருக்கிறான். அவன் அப்பா என்னையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். “இதை என்னிடம் நீ சொல்லவே இல்லையே” என்றார்.

அவனுக்குக் காவலூர் வானாய்வகத்தைப் பற்றிச் சொன்னேன். ஜவ்வாது மலையில் இருக்கிறது. பழைய வட ஆர்க்காடு மாவட்டம், இப்போது திருப்பத்தூர். 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1988இல் அங்கிருந்துதான் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். அந்த நான்கு பள்ளிகளில் எதுவாவது தன் மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறதா என்று விசாரிக்கும்படி அவன் அப்பாவிடம் சொன்னேன். நான்கு பள்ளிகளுக்கும் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். இரண்டு பள்ளிகளில் காவலூர் எங்கே இருக்கிறது என்று அவரையே திருப்பிக் கேட்டார்களாம்.

ஜூன் மாதம் பையன் அதே அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் போனான். மாதிரிப் பள்ளிக்கு எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்பதை அவன் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.